தம்பின் ஆட்டத்துச் சட்டைகள்

சனிக்கிழமை காற்பந்தாட்டம் எப்படி நடந்தது என்று தெரியவேண்டுமானால், ஞாயிற்றுக்கிழமை காலையில் டோபி நல்லையாவின் துவைகல் பக்கம் போய் நின்றால் போதும். திடலுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குக்கூட அவ்வளவு தெரியாது. மலாக்காவின் காஜா பெராங் ஓடையில் அவர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, பதினொரு ஆட்டச் சட்டைகளையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, மோந்து பார்த்து, பிறகுதான் கல்லில் அடிப்பார். எந்தச் சட்டை யாருடையது என்பதற்குக் கழுத்துப் பட்டியில் அவரே வைத்த குறி இருந்தது. சேராங்கொட்டைப் பாலில் வைத்த குறி. சட்டை மக்கினாலும் குறி மக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னுதுரையின் சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இடது பக்கம் தடுத்து ஆடுகிறவன் அவன். சட்டையில் புல் இல்லை, சேறு இல்லை, வியர்வை உப்புக்கூடச் சரியாகப் பூக்கவில்லை. கரையில் உட்கார்ந்திருந்த காதர் மைதீனிடம் அதைக் காட்டினார்.

"பாருங்க பாய். கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்த சட்டை."

காதர் மைதீன் திடல் ஓரத்தில் ஒட்டுக்கடை வைத்திருந்தவர். மரவள்ளியை வறுத்து இடித்துக் காப்பி என்று விற்பார். வாங்குகிறவர்களும் காப்பி என்றே குடிப்பார்கள். காற்பந்துக் கழகத்துக்காக அவரளவுக்குக் கத்தியவர்கள் மலாக்காவில் கிடையாது. மதியம் கடைக்கு வந்த பொன்னுதுரையிடம், பந்து வரும்போது பஸ்ஸுக்கு நிற்கிறவனைப்போல நின்றாயாமே என்று கேட்டுவிட்டார். பொன்னுதுரை ஓடியாடினேன் என்று சத்தியம் செய்தான். நல்லையா சொல்லிவிட்டார் என்று தெரிந்ததும் சத்தியத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

முன்னாட்டக்காரன் தேவதாஸின் சட்டையில் மார்பெல்லாம் ரத்தம். எதிராளியின் முழங்கை மூக்கில் பட்டிருந்தது. அதை மட்டும் தனியாகப் பிரித்து ஓடையின் ஓட்டத்தில் அலசினார்.

"ரத்தத்துக்குப் பச்சத் தண்ணிதான் பாய். வெந்நி பட்டுச்சோ, போச்சு. சட்ட கிழியும், கற கிழியாது."

ஜப்பான்காரன் கணக்கில் அது இரண்டாயிரத்து அறுநூற்று மூன்றாம் வருஷம். வெள்ளைக்காரன் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று. எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஐக்கிய இந்தியர் காற்பந்துக் கழகம் இரண்டு வருஷமாக ஒரு ஆட்டம் ஜெயிக்கவில்லை. கடிகாரத்தையும் ஜப்பான்காரன் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்துவிட்டதால், சாயங்காலம் நாலரைக்கு என்று அறிவித்த ஆட்டம் மூன்று மணி வெயிலில் நடந்தது. ஆட்டக்காரர்கள் உருகினார்கள். பந்தும் உருகியது. பதினேழு ஒட்டுப் போட்ட அந்தப் பந்து, வீட்டுக்குத் திரும்புகிற மாட்டைப்போல, எங்கே உதைத்தாலும் இடது பக்கமே திரும்பும். அதனால் கழகத்தின் தாக்குதல் எல்லாம் வலது பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதிராளிக்கும் தெரிந்திருந்தது.

கழகத்துக்குச் சொந்தக்காரர் கண்டிராக்டர் மாணிக்கவாசகம். சண்டைக்கு முன்னால் முனிசிபாலிட்டிக்கு ரோடு போட்டவர். இப்போது ஜப்பான்காரனுக்கு எது வேண்டுமோ அதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். திடலின் குத்தகை, பந்து, சட்டைகள் எல்லாம் அவர் பேரில்தான். முதலில் கோல் வலையை உஜோங் பாசிர் மீனவர்களுக்கு விற்றார். அந்த வலை பிடித்த மீன் சந்தைக்கு வந்தபோது, இருநூறு கோல் பிடித்துப் பழகிய வலை, மீனையா விடும் என்று காதர் மைதீன் சொன்னார். அப்புறம் கோல் கம்பங்கள் போயின. நல்ல செங்கால் மரம். ஒரு பாலத்துக்கு வேண்டியிருந்ததாம். அந்த இடத்தில் மூங்கில் நட்டார்கள். குறுக்குக் கட்டை இல்லாததால், நல்லையா தன் துணி உலர்த்தும் கயிற்றை ஆட்ட நாளில் கொண்டுவந்து கட்டி, ஆட்டம் முடிந்ததும் அவிழ்த்துக்கொண்டு போவார். கடைசியில், உணவு பயிரிடச் சொல்லி உத்தரவு வந்ததைக் காட்டி, திடலில் பாதியை உழுது கண்டிராக்டர் மரவள்ளி நட்டார். மிச்சப் பாதியில் மூங்கில் கோலைக் குறுக்கே வைத்து ஆடினார்கள். பந்து மரவள்ளிக்குள் போனால் ஆட்டத்தை நிறுத்தித் தேடவேண்டும். ஒருமுறை பந்தைத் தேடப் போன நடுவர் கிழங்கோடு திரும்பி வந்தார். பந்து மறுநாள்தான் கிடைத்தது.

பாதித் திடலில் ஆடப் பல கழகங்கள் வர மறுத்தன. வந்தவர்களும் கோல் கோலாக அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு ஆட்டம் ஜெயித்தால் ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் என்று நல்லையா வேண்டிக்கொண்டிருந்தார். அதே தெருப் பள்ளிவாசலில் காதர் மைதீனும் நேர்ந்துகொண்டிருந்தார். இரண்டு இடத்திலும் இன்னும் முறை வரவில்லை.

இவ்வளவும் செய்த கண்டிராக்டரை ரசிகர்கள் முகத்துக்கு நேரே ஏன் கேட்கவில்லை என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த வருஷம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டம் தோட்டமாக லோரி வந்து அள்ளியது. மலாக்காவிலிருந்து தம்பின் ஜங்ஷனுக்குப் போகும் தண்டவாளத்தையே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தண்டவாளம் முதலில் போனது, ஆட்கள் பின்னால் போனார்கள். போனவர்கள் யாரும் கடிதம் போடவில்லை. வேலையில்லாமல் தெருவில் நடக்கிறவனைப் பிடிப்பது சுலபம். ஆனால் கழகத்து ஆட்டக்காரர்கள் பதினோரு பேருக்கும் கண்டிராக்டர் சிவப்பு முத்திரை குத்திய சீட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். சட்டையைப் போட்டவனை எவனும் தொடமாட்டான் என்றார். அப்படியே யாரும் தொடவில்லை.

நல்லையாவின் மருமகன் தியாகுதான் கழகத்தின் கோல்காரர். ரப்பர் தோட்டம் மூடினதிலிருந்து வேலை இல்லை. பெரிய கை, பெரிய தோள். பந்தைப் பிடிக்கிற கை குடும்பத்தையும் பிடிக்கும் என்று சொல்லித்தான் நல்லையா மகள் மல்லிகாவைக் கொடுத்தார். கல்யாணம் ஆன மாதம் கழகம் பதினான்கு கோல் வாங்கியது. மாமனார் அதைப்பற்றி மருமகனிடம் பேசியதில்லை. ஆனால் சிவப்பு முத்திரைச் சீட்டை மல்லிகாவிடம் வாங்கித் தன் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

மரவள்ளி அறுவடையாகி, ஆட்டக்காரர்களுக்கு ஒரு கிழங்குகூட வராமல் மூட்டை மூட்டையாக ஜப்பான்காரனுக்காகப் பண்டார் ஹிலிர் பக்கம் போனபோதுதான் பொறுமை போனது. ரசிகர்கள் ஒட்டுக்கடையில் கூடிப் பேசி, நல்லையாவையும் காதர் மைதீனையும் அனுப்பினார்கள்.

கண்டிராக்டர் மாடி அறையில் உட்கார்ந்திருந்தார். மேசையில் ஜப்பான் எழுத்தில் ஒரு கடிதம் விரிந்து கிடந்தது. காதர் மைதீன் வலையில் ஆரம்பித்து, கம்பத்துக்கு வந்து, கிழங்கில் முடித்தார். கழகம் நடத்துவது என்றால் சும்மாவா, பந்துக்கு ஒட்டுப் போடவே ஆள் கிடைக்கவில்லை என்று கண்டிராக்டர் அலுத்துக்கொண்டார். கோபப்படவில்லை. அவர் கண் கடிதத்திலேயே இருந்தது.

நல்லையா தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார். "பழசெல்லாம் போகட்டும் ஐயா. ஒரே ஒரு வெளியூர் ஆட்டம் ஏற்பாடு பண்ணுங்க. முழுத் திடல்ல. அப்பத் தெரியும் எங்க பசங்க யாருன்னு."

கண்டிராக்டர் நிமிர்ந்து பார்த்தார். "வெளியூரா?"

"தம்பினோ சிரம்பானோ. எங்கயாச்சும்."

அவர் கடிதத்தை மடித்தார். மறுபடி விரித்தார். "பதினோரு பேரும் வருவானுங்களா?"

"வராம? பத்துப் பேர வெச்சு எப்படிங்கய்யா ஆடுறது?" என்றார் நல்லையா.

இதைத்தான் பிற்பாடு அவர் துவைகல்லில் நின்றுகொண்டு பலமுறை தனக்குள்ளே சொல்லிப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை தம்பினில் ரயில்வேக்காரர்களோடு ஆட்டம் என்று முடிவாயிற்று. ஆட்டக்காரர்களுக்கு மட்டும் லோரி. ரசிகர்களுக்கு இடம் இல்லை. அதோடு, வீட்டுக்கு ஐந்து படி அரிசி ஆட்டக் கூலி என்று கண்டிராக்டர் சொல்லியனுப்பினார். ஒட்டுக்கடையில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கேட்டால்தான் கிடைக்கும், இவ்வளவு நாள் கேட்காமல் இருந்தது நம்முடைய தப்பு என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கிராமமான செட்டிக் கம்பத்திலிருந்து ஆட்டம் பார்க்க வருகிறவர்கள்கூட, தங்களுக்குப் பழகிய மலாயில் வாழ்த்திவிட்டு ஆளுக்கொரு குவளை மரவள்ளிக் காப்பி குடித்தார்கள். அதைவிடப் பெரிய வாழ்த்து அப்போது கிடையாது.

நல்லையா பெட்டியைத் திறந்து, சண்டைக்கு முன்னால் வாங்கிய சவுக்காரத்தில் மிஞ்சியிருந்த கால் கட்டியை எடுத்தார். மகளின் பிரசவத்துக்கு என்று எடுத்து வைத்தது. இரண்டு வருஷமாகச் சாம்பல் தண்ணீரில் வெளுத்துப் பழுப்பேறிக் கிடந்த சட்டைகள் அன்றைக்குத்தான் மறுபடி வெள்ளையாயின. கோல்காரரின் மஞ்சள் சட்டைக்குத் தனியாக நுரை பிடித்தார்.

தியாகுவுக்குத்தான் போக மனமில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மூலையில் உட்கார்ந்து எண்ணெய் தடவிக்கொண்டே மாமனாரிடம் சொன்னார். "எனக்கென்னமோ சரியாப் படல மாமா. லோரியில ஏற மனசு வரல. வேற யாரயாச்சும் நிறுத்தச் சொல்லுங்க."

"கழகத்து லோரி மாப்ள அது."

"லோரி லோரிதானே மாமா."

நல்லையா சீட்டை எடுத்து வந்து மருமகன் கையில் கொடுத்தார். சட்டை இருக்கிறது, சீட்டு இருக்கிறது, அரிசி வேறு வருகிறது என்றார். கோல்காரர் இல்லாமல் போனால் இரண்டு வருஷம் காத்திருந்து வாங்கிய ஆட்டம் கெட்டுவிடும், ஊர் என்னைத்தான் கேட்கும் என்றார். மல்லிகா அரிசி என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். தியாகு முழங்காலை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, சரி மாமா என்றார்.

சனிக்கிழமை காலையில் லோரி திடலுக்கு வந்தது. பதினோரு பேரும் சட்டை போட்டுக்கொண்டே ஏறினார்கள். அப்படித்தான் வரவேண்டும் என்று கண்டிராக்டர் சொல்லியிருந்தார். அவர் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரசிகர்கள் தகர டப்பா தட்டினார்கள். தியாகு நொண்டி ஏறியதை மறைக்க நல்லையா பின்னாலிருந்து தூக்கிவிட்டார். பிறகு கண்டிராக்டரின் கணக்குப்பிள்ளை, கிராணி தம்பிராஜா, வீடு வீடாகப் போய் ஐந்து படி அரிசியை அளந்து கொடுத்தார். அளவு குறையவில்லை. கண்டிராக்டர் பெயரில் அளவு குறையாமல் ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு மதியம் நல்லையா வீட்டில் சோறு. ஏழு மாதத்துக்குப் பிறகு வெள்ளைச் சோறு. மல்லிகா புருஷனுக்கு ஒரு பங்கு எடுத்து மூடி வைத்துவிட்டு அப்பாவுக்குப் போட்டாள். அவர் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தம்பிராஜா சைக்கிளில் வந்து வாசலில் ஒரு கோணிச் சாக்கை இறக்கினார். ஜெயிச்சாச்சு, மூணுக்கு ஒண்ணு என்றார். தம்பின்காரர்கள் விட மாட்டேன் என்கிறார்கள், இன்னொரு ஆட்டம் வைத்திருக்கிறார்கள், பையன்கள் அங்கேயே இருக்கிறார்கள், சட்டையை மட்டும் வெளுத்து வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கக் கண்டிராக்டர் சொன்னார் என்றார். சைக்கிளைவிட்டு இறங்காமலே சொன்னார்.

செய்தி நல்லையாவுக்கு முன்னால் ஒட்டுக்கடைக்குப் போய்விட்டது. அங்கே தகரம் தட்டுகிற சத்தம் ஓடைவரை கேட்டது. காதர் மைதீன் கடை திறந்த நாளிலிருந்து முதல்முறையாகக் காப்பியைச் சும்மா கொடுத்தார். நூற்றெட்டுத் தேங்காய்க்கு வழியில்லாததால் ஒரு தேங்காயை நூற்றெட்டாகப் பாவித்து உடைத்துவிட்டு வர, ஆட்களைப் பிள்ளையார் கோயிலுக்கு அனுப்பினார்கள்.

நல்லையா கையைக் கழுவிவிட்டு, வாய் நிறைந்த சிரிப்போடு சாக்கை ஓடைக்கரைக்குத் தூக்கிப் போனார். இரண்டு வருஷத்தில் ஜெயித்த சட்டையை அவர் துவைத்ததில்லை. அதில் என்னென்ன இருக்கும் என்று பார்க்க ஆசை. முதலில் மருமகனின் மஞ்சள் சட்டையை எடுத்து விரித்தார்.

கோல்காரர் சட்டையில் முழங்கை இரண்டும் மண்ணாகியிருக்கும். இடுப்பில் புல் தேய்ந்திருக்கும். இதில் ஒன்றுமில்லை. மார்பில் பந்து பட்ட வட்டமும் இல்லை. பந்து பிடிக்க வேலையே வந்திருக்காது, ஒரே ஒரு கோல்தானே வாங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு தேவதாஸ் சட்டையை எடுத்தார். மூன்று கோல் போட்டிருக்க வேண்டிய முன்னாட்டக்காரன் சட்டை. சேறு இல்லை. உப்பு இல்லை. லோரிப் பலகைத் தூசி முதுகில் ஒரு கோடாக இருந்தது. பொன்னுதுரை சட்டையும் அப்படியே. அவன் சட்டை அப்படி இருப்பது வழக்கம். மற்றப் பத்தும் பொன்னுதுரை சட்டையாக இருந்ததுதான் புதுசு.

மோந்து பார்த்தார். வியர்வை நெடி லேசாக இருந்தது; ஓடிய வியர்வை அல்ல, உட்கார்ந்திருந்த வியர்வை. அதற்கு மேலே பினாயில் நெடி. ரயில் கரி நெடி.

சட்டைகளைத் தரையில் வரிசையாகப் பரப்பினார். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. பதினொன்றிலும் இடது கையில், தோளுக்குக் கீழே, உள்ளேயிருந்து ஊறிய ஒரு பொட்டு ரத்தம். மிளகு அளவு. எல்லாவற்றிலும் ஒரே இடம்.

நல்லையா தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டார்.

ஒட்டுக்கடையில் தேவதாஸ் இரண்டாவது கோல் போட்ட விதத்தைக் காதர் மைதீன் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் தம்பின் பக்கம் போனதில்லை. ஆனாலும் வலது பக்கத்திலிருந்து வெட்டி உள்ளே வந்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஈர வேட்டியோடு நல்லையா உள்ளே வந்து மேசைமேல் மஞ்சள் சட்டையை விரித்தார்.

"இதுல என்னாண்ணே இருக்கு?" என்றார் காதர் மைதீன்.

"ஒண்ணும் இல்ல பாய். அதான்."

சிரித்தார்கள். நல்லையா சிரிக்கவில்லை என்று கண்டதும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவர் சட்டையின் இடது கையைத் தூக்கி அந்தப் பொட்டின் மேல் விரலை வைத்தார். மற்றப் பத்திலும் இதே இடத்தில் இருக்கிறது என்றார். மண் ஒன்றிலும் இல்லை என்றார்.

சயாமுக்கு ஏற்றுகிறவர்களை முதலில் வரிசையில் நிறுத்தி இடது கையில் ஊசி குத்துவார்கள் என்பது அந்தக் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தோட்டத்து ஆட்கள் அப்படித்தான் போனார்கள். இருந்தாலும் ஒருவர், காய்ச்சலுக்குக் குத்தியிருக்கலாம் என்றார். இன்னொருவர், தம்பின் திடலில் நல்ல புல்லாக இருக்கும், மண் ஒட்டாது என்றார். கோயிலுக்குப் போனவர்கள் உடைத்த தேங்காய் மூடியோடு திரும்பி வந்து, ஏன் எல்லோரும் சும்மா இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

திங்கட்கிழமை நல்லையாவும் காதர் மைதீனும் மாடிப்படி ஏறினார்கள். கண்டிராக்டர் மறைக்கவில்லை. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"ஜப்பான்காரன் நாப்பது பேரு கேட்டு லெட்டர் போட்டான். காலுல விழாத குறையாக் கெஞ்சித் தவணைல அனுப்புறதா மாத்தினேன். என்னைய என்ன செய்யச் சொல்ற? நான் குடுக்கலன்னா ராத்திரி வந்து கம்பத்து வீடுகளையே சுத்தி வளைப்பான். உன்னையும் சேத்துத்தான்."

"சீட்டு குடுத்தீங்களே ஐயா. சட்ட போட்டவனத் தொடமாட்டான்னீங்களே."

"சீட்டு மலாக்காவுக்கு நல்லையா. தம்பினுக்குச் செல்லாது." கண்டிராக்டர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். "வெளியூருக்கு அனுப்புங்கன்னு நான் கேட்டேனா, நீ கேட்டியா?"

காதர் மைதீன் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போனவர்கள் போட்டிருந்த சட்டையை மட்டும் எப்படித் திரும்ப வாங்கினீர்கள் என்று நல்லையா கேட்டார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அது கழகத்துச் சொத்து, இந்தக் காலத்தில் துணி எங்கே கிடைக்கிறது, ஸ்டேஷனில் கழற்றி வாங்கிக்கொண்டோம் என்றார் கண்டிராக்டர். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு முழுச் சவுக்காரக் கட்டியை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தார். வெள்ளிக்கிழமை புதுசாக ஆள் எடுக்கிறோம், சட்டை வெள்ளையாக இருக்கவேண்டும் என்றார். வெளுக்க முடியாவிட்டால் சொல்லிவிடு, பண்டார் ஹிலிரில் வேறு டோபி இருக்கிறான் என்றார்.

நல்லையா சவுக்காரத்தை எடுத்துக்கொண்டார். படி இறங்கும்போது காதர் மைதீன் அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். தெருவில் இறங்கியதும், துப்பிவிட்டு, தனியாக நடந்து போய்விட்டார்.

புதன்கிழமை நல்லையா வெள்ளாவி வைத்தார். அடுப்பில் பெரிய பானை, அதன் வாயில் சுற்றிச் சுற்றி அடுக்கிய சட்டைகள், மேலே ஈரக் கோணி. மல்லிகா விறகு கொண்டுவந்து போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மூடி வைத்த சோற்றை அவள் இரண்டு நாள் கழித்துத்தான் எடுத்து வெளியே கொட்டினாள். அடுக்கின் மேலே மஞ்சள் சட்டையைக் கண்டு நின்றாள்.

"பச்சத் தண்ணியில அலசலயாப்பா?"

"இல்லம்மா."

"ரத்தம் இருக்கே. ஆவி பட்டா உறைஞ்சிரும்னு நீங்கதானே சொல்வீங்க."

நல்லையா கோணியை இழுத்துச் சட்டைகளை மூடினார். மல்லிகா கொஞ்ச நேரம் அப்பா முகத்தைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, விறகை ஒவ்வொன்றாக அடுப்புக்குள் தள்ளினாள். சாயங்காலம்வரை ஆவி போகவிடாமல் இரண்டு பேரும் காத்தார்கள். முழுக்கட்டிச் சவுக்காரத்தையும் கரைத்துத்தான் பிறகு அடித்தார். துணி கொக்கு மாதிரி வெளுத்தது. பொட்டு கறுத்தது.

வெள்ளிக்கிழமை காலையில் திடலில் மூங்கில் கம்பம் இரண்டுக்கும் நடுவே தன் கயிற்றைக் கட்டி, பதினொரு சட்டைகளையும் இடது கை ரோட்டுப் பக்கம் பார்க்கும்படி வரிசையாகத் தொங்கவிட்டார். வெள்ளைச் சட்டையில் அந்தக் கறுத்த பொட்டு பத்தடி தூரத்திலிருந்தே தெரிந்தது. அதற்குள் ஒட்டுக்கடைப் பேச்சு காஜா பெராங் முழுவதும் போய்ச் சேர்ந்திருந்தது. கயிற்றுக்குப் பக்கத்தில் காதர் மைதீன் வந்து நின்றார். சட்டைகளைப் பார்த்தார், நல்லையாவைப் பார்த்தார். தோளில் கையை வைத்தார்.

ஆட வந்தவர்கள் இருபத்துமூன்று பேர். கண்டிராக்டரும் தம்பிராஜாவும் லோரியில் வந்து இறங்கினார்கள். லோரியில் அரிசி மூட்டை தெரிந்தது. கண்டிராக்டர் கயிற்றோரமாக நடந்து வந்து ஒரு சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தார். விரலால் சுரண்டினார்.

"என்னா இது?"

"போவல ஐயா. எல்லா வித்தையும் பாத்துட்டேன். இது போவாத கற."

கண்டிராக்டர் அடுத்த சட்டையைப் பார்த்தார், அதற்கடுத்ததையும் பார்த்தார். நல்லையாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி, ஓடும்போது தெரியாது என்றார்.

வந்தவர்கள் கிட்டே வந்து சட்டைகளைப் பார்த்தார்கள். ஒருவர் தன் இடது தோளைத் தடவிக்கொண்டார். முதலில் இரண்டு பேர், யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பி, மரவள்ளி வரப்பு வழியாக நடந்தார்கள். அப்புறம் ஐந்து பேர். தம்பிராஜா கையைத் தட்டிக் கூப்பிட்டும் நிற்கவில்லை. மொத்தம் பன்னிரண்டு பேர் போனார்கள். காதர் மைதீன் உதட்டுக்குள்ளே எண்ணிக்கொண்டே வந்தவர், அதற்கப்புறம் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

மீதிப் பதினோரு பேர் போகவில்லை. அவர்கள் சட்டைகளைப் பார்த்தார்கள், லோரியைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள். தம்பிராஜா ஒவ்வொருவராகப் பெயர் கேட்டுச் சட்டையை எடுத்துக் கொடுத்தார்.

மஞ்சள் சட்டை கடைசியாக ஒரு மெலிந்த மனிதருக்கு வந்தது. கலியாணசுந்தரம் என்று பெயர். மூடிப்போன தோட்டம் ஒன்றில் ரப்பர் பாலுக்கு மரம் சீவியவர். பந்தைக் காலால் தொட்டவராகத் தெரியவில்லை. நல்லையா கயிற்றை அவிழ்க்கிறவர்போலக் கிட்டே போய், அவர் காதருகே கேட்டார்.

"தெரியுமில்ல?"

"தெரியும்ணே." அவர் லோரிப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. "அஞ்சு படியையும் மொதல்லயே வீட்டுல குடுத்துருவாங்கல்ல?"

"குடுத்துருவாங்க."

"அளவு கொறையாதே?"

"கொறையாது."

கலியாணசுந்தரம் தலையை நுழைத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டார். தியாகுவின் தோளுக்குத் தைத்த சட்டை. அவர்மேல் அது சரிந்து, பொட்டு முழங்கைவரை இறங்கி வந்து நின்றது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு தோள் துணியை இரண்டு விரலால் பிடித்து, பொட்டு இருக்க வேண்டிய இடத்துக்கு வரும்வரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, வரிசையில் போய் நின்றார்.